கேதம் சொல்ல வந்தவர்

எங்கள் பக்கத்தில் கேதம் சொல்ல வருகிறவர்கள் வாசற்படியைத் தாண்ட மாட்டார்கள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள். இன்னார் தவறிவிட்டார், இத்தனை மணிக்கு எடுப்பு, வந்து சேருங்கள் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிடுவார்கள். பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். குடித்துவிட்டால் அது கேதம் சொன்னதாகாது, சும்மா வந்துபோனதாகிவிடும். முறையாகச் சொல்லியும் வராதவரோடு அன்றைக்கே உறவு முறிந்தது. செல்போன் வந்த பிறகும் நெருங்கிய சொந்தத்துக்கு ஆள்தான் போகிறது.

அந்த அக்கா எங்கள் துறை வாசலில் வந்து நின்றதைச் சொல்ல இவ்வளவு முன்னுரை வேண்டியிருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரி. எது என்று கேட்காதீர்கள். அதன் சமுதாய மருத்துவத் துறையில் நான் சமூகப் பணியாளராக இருந்தேன். டாக்டர்கள் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை டாக்டர்களுக்கும் கொண்டுபோவது என் வேலை. இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குவதும் அதில் சேர்த்தி.

அக்கா ஆத்தங்குடிப் பக்கத்து ஊர். தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் வேலை. ஒல்லியான, உயரமான பெண். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். சிமெண்டிலேயே புழங்கிப் புழங்கி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெடித்திருக்கும். அந்தக் கையை எங்கள் பேராசிரியர் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துத் துறை நடைபாதையில் மாட்டியிருந்தார். பட்டறைத் தொழிலாளர்களின் தோல் நோயைப் பற்றி அவர் செய்த ஆய்வு அது. ஆய்வு முடிந்து பரிசும் வந்தது. அக்காவுக்குக் களிம்பு ஒரு ட்யூப் வந்தது. முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது அக்கா என்னிடம் கேட்டார்.

"என் கையத் தொங்க விட்டிருக்காக. ஆளக் காணோமே தங்கச்சி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவர் சிரித்தால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அக்காவின் குணம் ஒன்றே ஒன்றுதான். யார் என்ன வார்த்தை சொன்னாலும் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வார். சொன்னவர் மறந்திருப்பார். அக்கா மறக்க மாட்டார். வேளை வரும்போது அதை எடுத்துச் சொன்னவர் முன்னாலேயே வைப்பார். ஆயுத பூஜை அன்று பட்டறை முதலாளி, "இது உங்க பட்டறைதாம்மா, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று பேச்சுக்குச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே அக்கா தன் தம்பி மகளுக்குப் பட்டறையில் வைத்துக் காது குத்திவிட்டார். காயப்போட்ட கல்லையெல்லாம் ஓரமாக நகர்த்திவிட்டு ஊர் முழுக்க இலை போட்டுச் சாப்பாடு. முதலாளி வந்து பார்த்துத் திகைத்து நிற்க, "வாங்க, வாங்க, நம்ம வீடுதானே, மொதப் பந்தியில உக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மனுஷன் அதற்குப் பிறகு எந்தப் பூஜையிலும் வாயைத் திறந்ததில்லை.

எங்கள் பேராசிரியருக்கு இந்தக் கதை தெரியாது. அவர் வெளியூர். தேன் தடவின குரல். மைக்கைக் கண்டால் விட மாட்டார். 'மக்கள் பங்கேற்பு', 'எல்லோருக்கும் சமமான மருத்துவம்' என்று அவர் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எனக்கும் ஆரம்பத்தில் கலங்கியிருக்கிறது. அக்காவின் ஊரில் சுகாதார மையம் தொடங்க இடம் வேண்டும் என்று கேட்டார். ஊரிடம் இருந்தது ஒரே ஒரு சமுதாயக் கூடம். கல்யாணம், வளைகாப்பு எல்லாம் அதில்தான். கொடுக்க யோசித்த பெண்களை வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் அக்கா.

திறப்பு விழாவில் பேராசிரியர் பேசினார். "இன்னையிலேர்ந்து நாம ஒரே குடும்பம். நாங்க டாக்டர் இல்லை, உங்க சொந்தக்காரங்க. உங்க வீட்டு நல்லது கெட்டது எல்லாத்துக்கும் வந்து நிப்போம்."

கூட்டத்துக்குள்ளிருந்து அக்கா எழுந்தார். "கெட்டதுக்கும் வருவீகளாய்யா?"

"கண்டிப்பா வருவோம்மா!"

கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. பக்கத்துப் பெண்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கங்கடி" என்று மட்டும் சொன்னார். நான் இந்த மண்ணில் பிறந்தவள். கெட்டது என்றால் இங்கே சாவு என்று எனக்குத் தெரியும்.

மையம் ஓடியது. மாணவர்கள் வந்தால் திறக்கும், போனால் பூட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் கல்லூரிப் பேருந்து ஹாரன் அடிக்கும், டாக்டர் ஏறிக்கொள்வார். வேலைக்குப் போகிற சனம் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பும். சாயங்காலத்துக்கும் ஒரு டாக்டரைப் போடுங்கள் என்று பேராசிரியரிடம் எத்தனையோ முறை கேட்டேன். "முதல்ல கம்யூனிட்டிக்கு அந்தத் தேவை இருக்கான்னு ஒரு ஸ்டடி பண்ணுவோம்" என்பார். இன்றுவரை அந்த ஸ்டடி தொடங்கவில்லை.

அக்காவின் தம்பியும் பட்டறை வேலைதான். ஒரு நாள் அந்தி நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருக்கிறான். முதலில் மையத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நம்ம ஆஸ்பத்திரி அல்லவா. கதவில் பூட்டு. ஜன்னல் கண்ணாடி வழியாகக் கட்டிலும் ஆக்சிஜன் சிலிண்டரும் தெரிந்தன. வேன் பிடித்துக் காரைக்குடிக்குக் கிளம்பினார்கள். கோவிலூர் மடத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை பேராசிரியர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பறை வாசலில் அக்கா வந்து நின்றார். வழக்கமாகப் போடும் சட்டை உடம்பில் இல்லை. மடித்து இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அய்யா, கேதம் சொல்ல வந்திருக்கேன். என் தம்பி நேத்து அந்தியில தவறிட்டான். இன்னைக்கு நாலு மணிக்கு எடுப்பு. சொந்தக்காரவுக நீங்க. வந்து சேருங்க."

கேதம் சொல்லப் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அதிலும் கூடப்பிறந்தவள் பிணத்தை விட்டு நகர மாட்டாள். இதைப் பிற்பாடு நான் கேட்டதற்கு, "ஆம்பளைகள அனுப்பினா அவர ரெண்டு தட்டுத் தட்டிட்டு வந்துருப்பானுக. அதான் நானே வந்தேன்" என்றார்.

பேராசிரியர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். நஷ்ட ஈடு கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் இருந்த என்னைத் தேடிப் பிடித்து, "அவங்களுக்கு ஒரு டீ குடுத்து அனுப்புங்க. துறை சார்பா வருத்தத்தைச் சொல்லிருங்க" என்றார். சொல்லிவிட்டுப் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா அந்த இரண்டு வாக்கியங்களையும் காது கொடுத்துக் கேட்டார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். வகுப்பு முடிந்ததும் நான் பேராசிரியரிடம் போய், கேதம் என்றால் என்ன, ஏன் போயே ஆக வேண்டும் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். "எமோஷனலா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஒரு டீம் அனுப்புறேன்" என்றார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு எடுப்புக்குப் போனேன். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றை அக்கா பேராசிரியருக்கென்று காலியாக வைத்திருந்தார். பாடை கிளம்புகிற வரைக்கும் அதில் யாரையும் உட்கார விடவில்லை.

சொன்னபடி மறுநாள் டீம் போனது. நானும் மேல்படிப்புப் படிக்கிற ஒரு பெண்ணும்தான் அந்த டீம். இறந்தவருக்கு என்னென்ன உபாதை இருந்தது, எப்போது தொடங்கியது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதும் படிவத்தைப் பேராசிரியர் கொடுத்து அனுப்பியிருந்தார். சாவு வீட்டில் ஈரத் தரைகூடக் காயவில்லை. அக்கா ஒவ்வொரு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புகைப்பாரா, குடிப்பாரா, சர்க்கரை உண்டா. எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்.

"ஆஸ்பத்திரி பூட்டியிருந்துச்சுன்னு எழுத அதுல எடம் இருக்காத்தா?"

அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லேன்னா விடு. நான் நேர்ல சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா.

நேரில் சொல்ல ஆரம்பித்தார். அதன் பிறகு அந்த ஊரில் யார் இறந்தாலும் எங்கள் துறைக்குக் கேதம் வந்தது. முன்னெல்லாம் ஊரில் சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஒரு தெருக்காரர்களையே ஏவுவார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய் அந்தக் கேவலத்தை உதறி எறிந்துவிட்டார்கள். இப்போது அவரவர் கேதத்தை அவரவரே சொல்ல வேண்டும். எங்கள் துறைக்கு மட்டும் எப்போதும் அக்காதான். சட்டையோடு வந்தால் வேறு வேலையாக வந்திருக்கிறார். சட்டையை மடித்துக் கையில் பிடித்திருந்தால் கேதம். நடைபாதையில் அவர் வருவதைப் பார்த்தே துறை முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

மாணவர்களின் இறுதித் தேர்வு நாள். வெளியூர்த் தேர்வாளர்கள் வந்திருந்தார்கள். அக்கா வாசலில் நின்றார். "அய்யா, எங்க பெரிய மாமா தவறிட்டாக. வயசான ஆளு, பேரன் பேத்தி எடுத்த சாவு. வேட்டுப் போட்டுத்தான் எடுக்குறோம். வந்து சேருங்க." தேர்வாளர் ஒருவர் எழுந்து பேராசிரியரின் கையைப் பற்றி, "உங்க ரிலேட்டிவா சார்? அடடா, நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார். பேராசிரியரின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் கழிவறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அவர் பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தார். அங்கும் அக்கா நின்றார். கடைசியில் கேட்டிலேயே தடுக்கச் சொல்லிக் காவலாளிக்கு உத்தரவு போட்டார். காவலாளி இந்தப் பக்கத்து ஆள், நெற்குப்பைக்காரர். அக்காவை உள்ளே விடவில்லை. ஆனால் கேதத்தை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் விறுவிறுவென்று நடந்து வந்து பேராசிரியர் அறை வாசலில் விறைப்பாக நின்று ஒப்பித்தார். பேராசிரியர் கத்தினார். "என்ன செய்யச் சொல்றீக சார்? ஆள விடாதன்னு சொன்னீக, விடல. காதுல வாங்குன கேதத்தச் சேக்காம வச்சிருந்தா என் குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டுக்குத் திரும்பிப் போனார்.

எனக்கு அதிலெல்லாம் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். ஊரைச் சரியாகக் 'கையாளவில்லை' என்று பழியை என் தலையில் போட்டு, என்னைக் களப்பணியிலிருந்து எடுத்துக் கணக்கு அறையில் உட்கார வைத்திருந்தார் அவர். ஒரு நாள் கேட்டில் நின்று அக்காவிடம் கேட்டேன். "ஏன்க்கா இப்படி அலையிறீங்க? மண்ணை வாரித் தூத்திட்டு விட வேண்டியதுதானே?"

"சாபம் விட்டா பலிக்குதோ என்னமோ, யாரு கண்டா? நான் சாபம் விடல தங்கச்சி. சொந்தம் கொண்டாடுறேன். அதுலேர்ந்து எங்குட்டு ஓடுவாரு?"

கல்லூரியில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. மக்கள் பங்கேற்புதான் தலைப்பு. சென்னையிலிருந்து உயர் அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் அக்காவின் கைகள். "இது என் குடும்பத்துக் கை" என்று பேராசிரியர் உருகிக்கொண்டிருந்த நேரத்தில் அரங்க வாசலில் அக்கா நின்றார். அன்றைக்குக் கேட்டில் இருந்த காவலாளிக்குத் திடீரென்று கண் தெரியாமல் போயிருந்தது. அக்காவுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள். மடித்த சட்டையைப் பிடித்திருந்த கை, திரையில் தெரிந்த அதே கை.

"அய்யா, கேதம் சொல்ல வந்திருக்கோம்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அதிகாரி, கேதம் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் இந்த மாவட்டத்துக்காரர். அவர் எழுந்ததும் அரங்கமே எழுந்தது. பேராசிரியர் மட்டும் மைக்கோடு நின்றிருந்தார். அந்த அதிகாரி கேட்டார், "யாரும்மா? எப்படித் தவறுனாங்க?"

"புல்லறுக்கப் போன புள்ளம்மா. பொழுது சாயப் பாம்பு கொத்திருச்சு. மருந்து உள்ள இருந்துச்சு. பூட்டு வெளிய இருந்துச்சு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதிகாரி பேராசிரியரைப் பார்த்தார். கருத்தரங்கு அத்தோடு முடிந்தது. மையத்தில் இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும் இருக்க வேண்டும் என்று உத்தரவு சீக்கிரமே வந்தது. தம்பிக்கும் பாம்பு கொத்திய அந்தப் பெண்ணுக்கும் வராத டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

ஜெயித்தாயிற்று, இனி அக்கா ஆறிவிடுவார் என்று நினைத்தேன். பேராசிரியரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இரவுச் சேவையைத் தொடங்கிவைக்கக் கத்தரிக்கோலும் சால்வையுமாக வந்தார். ரிப்பனை வெட்டினார். 'இந்தச் சாதனைக்குக் காரணமான சகோதரி' என்று அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். அக்கா மேடையில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"கெட்டதுக்கு வராதவுக கையால நாங்க நல்லது வாங்குறதில்லய்யா. அந்தா, ரெண்டாவது தெருவுலதான் என் வீடு. வந்து என் தம்பிக்குக் கேதம் கேட்டுட்டு அப்பறமாப் போர்த்துங்க."

இரண்டாவது தெருதான். நடந்து போயிருக்கலாம். துக்கம் விசாரிக்க நாள் கடந்தாலும் எங்கள் பக்கம் ஏற்றுக்கொள்வார்கள். ஒரு நிமிடம் வாசலில் நின்று தலையைக் குனிந்திருந்தால் போதும். "இன்னொரு நாள் கண்டிப்பா வர்றேம்மா" என்றார். சால்வை பஞ்சாயத்துத் தலைவர் தோளில் விழுந்தது. அந்த இன்னொரு நாள் வரவில்லை. 'மக்கள் பங்கேற்புக்கான' விருது வந்தது. அதை அவர் அறையில், நாற்காலிக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டார்.

கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு வாரம். காலையில் பேராசிரியரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அவருடைய அப்பா குவார்ட்டர்ஸில் அவரோடுதான் இருந்தார். விடிகிற நேரத்தில் இறந்துவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் தூரதேசம். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். "தூக்கறதுக்குக்கூட நாலு பேர் இல்லைம்மா" என்றார். அந்தத் தேன் குரல் உடைந்திருந்தது. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"நேர்லதான் சொல்லணும் சார். நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவருடைய காரிலேயே போனோம். அக்கா வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். பேராசிரியர் படிக்கு வெளியே நின்றார். இத்தனை வருடம் அக்கா நின்றதைப் பார்த்தே அந்த மனிதர் அதைக் கற்றுக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்கப்பா தவறிட்டாரு. நாலு மணிக்கு எடுக்கிறோம். நீங்க எல்லாரும் வரணும்."

காரைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. எங்கள் ஆட்கள் சாவென்று கேட்டால் பகையெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஒருவர் அதற்குள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துவிட்டார். ஆனாலும் எல்லோரும் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அக்கா பேராசிரியரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கை சட்டைக்குப் போனது. மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்த பொத்தானையும் கழற்றினார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு" என்றார் பேராசிரியர்.

அக்காவின் கை நின்றது. தம்பியைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வார்த்தை கேட்பார் என்று அந்த நிமிடம்வரை அக்கா எதிர்பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கழற்றிய பொத்தான்களை மறுபடி ஒவ்வொன்றாக மாட்டினார். என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, அய்யாவுக்கு ஒரு டீ குடுத்து அனுப்பு. ஊர் சார்பா வருத்தத்தச் சொல்லிரு."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வாளியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வகுப்பில் தான் சொன்ன அதே வார்த்தை ஞாபகம் வந்ததா என்று பேராசிரியரின் முகத்தில் தேடினேன். வந்ததாகத் தெரியவில்லை.

நான் அக்கா வீட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். வேண்டாம் சார், குடிக்காதீங்க, வாயைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போங்கள், அக்கா வராவிட்டாலும் இந்தச் சனம் வரும் என்று அவர் காதில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்குள் தெரிந்த சிலிண்டரை நினைத்துக்கொண்டேன். சீனி கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன்.

கிளாஸை நீட்டினேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இரவெல்லாம் கண் விழித்தவர், பாவம், பசி. வாங்கி, படியிலேயே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தார். துண்டைக் கையில் பிடித்திருந்தவர் அதை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராக அவரவர் வேலையைப் பார்க்கக் கலைந்து போனார்கள்.

காலி கிளாஸை என்னிடம் கொடுக்கும்போது பேராசிரியர் கேட்டார்.

"நாலு மணிக்கு எல்லாரும் வந்துருவாங்கள்ல?"